மானுக்கா, எனக்கா?

பொத்துவிலிலிருந்து லகுகலைக்குப் போகும் வழியில், வட்டை முடிந்து காடு தொடங்கும் ஓர் இடம் உண்டு. வெள்ளாண்மை வெட்டிய பிறகு, பின்னேரம் நாலரை மணி தாண்டினால் அந்த வயலில் புள்ளிமான்கள் இறங்கும். அவற்றைப் படமெடுக்கப் போன அன்று நான் ஒரு புதுச் சேர்ட் போட்டிருந்தேன். கட்டாரில் வேலை செய்யும் மச்சான் அனுப்பியது. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கென்று நெய்த துணி. ஓக் இலை, காய்ந்த சுள்ளி, பட்டை உரிந்த கிளை எல்லாம் போட்டோ பிடித்ததுபோல் அதில் அச்சாகியிருந்தன. அதைப் போட்டுக்கொண்டு பற்றையோரம் குந்தினால் காடு என்னை விழுங்கிவிடும் என்று நினைத்தேன்.

மான்கள் வந்தன. நான் கமராவைத் தூக்கினேன். முன்னால் நின்ற பெட்டைமான் தலையை நிமிர்த்தியது, முன்னங்காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டியது, குரைப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. அடுத்த கணம் வயலில் தாள் மட்டும் மிஞ்சியது.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு நேரமும் எனக்கும் மான்களுக்கும் நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எருமைப்பட்டி மேய்ப்பவர், ஐம்பது வயது தாண்டியவர். மங்கிப்போன சாரன், வெற்றுடம்பு, தோளில் துவாய். மான்கள் அவரைக் கணக்கெடுக்கவே இல்லை. கிட்ட வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, இந்தச் சேர்ட்டு ஆருக்கு மறைக்கிறத்துக்கு? மானுக்கா, எனக்கா?”

“மானுக்குத்தான் காக்கா.”

“எனக்கு ஒங்கள அந்த வேலியடியிலயே தெரியல்ல. மானுக்கு நல்லாத் தெரிஞ்சிரிக்கி.”

உருமறைப்புப் பற்றி நான் பின்னர் படித்த எல்லாவற்றுக்கும் வாசல் இந்த ஒரு கேள்விதான். ஒரு நிறம் தன்னளவில் மறைப்பதும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை. பார்ப்பது எந்தக் கண், பின்னால் இருப்பது எந்த நிலம் என்று கேட்ட பிறகுதான் துணியைப் பற்றிப் பேச முடியும்.

இரண்டு நிற உலகம்

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே நாம் காணும் அத்தனை வேறுபாடும், அவற்றில் இரண்டு வகைகளின் சமிக்ஞைகளை மூளை ஒப்பிட்டுப் பார்ப்பதால் வருவது. மானுக்குக் கூம்புகள் இரண்டு வகைதான். அமெரிக்காவின் வெள்ளைவால் மானை வைத்து 1990களில் அளந்தபோது, ஒரு வகை 450 முதல் 460 நானோமீற்றர் வரையிலான நீலத்திலும், மற்றது சுமார் 537 நானோமீற்றரில், பச்சையிலும் கூர்மையாக இருந்தன. நமது புள்ளிமானும் மரையும் அதே மான் குடும்பம். அவற்றுக்குப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் சாயல்கள். நம்மில் சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது அல்லவா, கிட்டத்தட்ட அந்த உலகம்.

காட்டின் பெரிய கேள்வி ஒன்றுக்கு இதில் விடை இருக்கிறது. சிறுத்தை ஏன் மஞ்சள்? புலி ஏன் செம்மஞ்சள்? பச்சைக் காட்டில் பதுங்கும் மிருகத்துக்கு அது என்ன நிறம்? மானின் கண்ணால் பாருங்கள்: புலியின் செம்மஞ்சளும் புல்லின் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைக் கணினியில் சோதித்துக் காட்டினார்கள். பாலூட்டியின் உடம்பில் பச்சை மயிர் முளைப்பது கடினம். இரையின் கண்ணுக்குச் செம்மஞ்சளே பச்சையாகத் தெரியும்போது அந்தக் கடினமான வழி தேவைப்படவும் இல்லை.

மனிதர் இந்த ஓட்டையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர் கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் மேலங்கி போடவேண்டும் என்பது சட்டம். அடுத்த வேட்டைக்காரனின் கண்ணுக்கு அது தீப்பந்தம். துவக்கு அவர் பக்கம் திரும்பாது. மானுக்கு அது ஒரு மங்கிய சாயல். ஒரே துணி ஒரு கண்ணுக்கு விளம்பரம், மறு கண்ணுக்கு மறைவு.

அப்படியென்றால் என் பச்சைச் சேர்ட்டில் என்ன பிழை? பிழையின் ஒரு பாதி சவர்க்காரத் தூளில் இருந்திருக்கலாம். துணியைப் பளிச்சிட வைக்கும் தூள்களில் ஒளிர்ப்பான் என்ற பொருள் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. வெள்ளைப் பிடவை நீலம் போட்டதுபோல் மின்னுவது அதனால்தான். மனிதக் கண்ணின் வில்லை புறஊதாவைத் தடுத்துவிடும். பல பாலூட்டிகளின் வில்லை அதை ஓரளவு உள்ளே விடுகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மானின் கூம்புகளில் ஒரு வகை கூர்மையாக இருப்பதே நீலத்தில். ஆக, பொழுது சாயும் நேரத்து நீல வெளிச்சத்தில், நான் தோய்த்து மடித்துப் போட்டுக்கொண்டு போன புதுத்துணி மானுக்கு மின்னியிருக்கும். பட்டிக்காரரின் சாரனோ வெயிலிலும் குளத்துத் தண்ணீரிலும் வெளுத்து, ஒளிர்ப்பான் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் கிடந்தது.

பறவைகளின் கதை வேறு. அவற்றுக்குக் கூம்புகள் நான்கு வகை. நமக்குத் தெரிகிற எல்லா நிறமும் அவற்றுக்குத் தெரியும், அதற்கு மேலும் தெரியும். மானை ஏமாற்றும் செம்மஞ்சளோடு வாத்துக்கோ கொக்குக்கோ கிட்டப் போக முடியாது. குமணையில் பறவை பார்க்கப் போகிறவரும் லகுகலையில் மான் பார்க்கப் போகிறவரும் ஒரே அலுமாரியிலிருந்து உடுப்பை எடுக்கக்கூடாது.

மருதமுனைச் சாரனில் ஒரு சோதனை

பிழையின் மறுபாதி தூரத்தில் இருக்கிறது. இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், மருதமுனைத் தறியில் நெய்த கட்டம் போட்ட சாரன் ஒன்று போதும். ஒரு சென்டிமீற்றர் அகலக் கட்டம் உள்ளதாக ஒன்றை எடுத்துக் கொடியில் விரித்துப் போடுங்கள். பின்னோக்கி நடந்துகொண்டே பாருங்கள். நல்ல கண் பிரித்தறியும் ஆகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், ஒரு சென்டிமீற்றர் கட்டம் ஏறக்குறைய 35 மீற்றரில் கரைந்துவிடும். நீலமும் வெள்ளையும் நெய்த சாரன் அதற்கப்பால் ஒரே இளநீலத் துணியாகிவிடும். 100 மீற்றரில் மூன்று சென்டிமீற்றருக்குக் குறைந்த எந்த வேலைப்பாடும் மனிதக் கண்ணுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மானின் கண் நம்முடையதை விடக் கூர்மை குறைந்தது. அதற்கு இன்னும் கிட்டத்திலேயே கரைந்துவிடும்.

என் சேர்ட்டின் ஓக் இலைகள் கைநீளத் தூரத்தில் அற்புதமாக இருந்தன. இத்தகைய வேட்டைத்துணிகளின் புகழ்பெற்ற இரண்டு பெயர்கள், ரியல்ட்ரீ, மொஸி ஓக், இரண்டும் 1986இல் அமெரிக்காவில் தொடங்கியவை. அந்நாட்டு மரத்தோடு சாய்ந்து நிற்பவரை, கிட்ட வரும் மிருகத்திடமிருந்து மறைக்கவே அவை வரையப்பட்டன. கடையில் வாங்குபவர் துணியைக் கையில் வைத்துப் பார்க்கிறார். மான் பார்க்கும் தூரத்தில் அந்த நுணுக்கம் முழுவதும் ஒன்றாகி, ஆள் வடிவில் ஒரு கருந்திட்டாக மாறிவிடுகிறது. பாலையும் வீரையும் நிற்கும் எங்கள் காட்டோரத்தில், அறுவடை முடிந்த வெளிர்மஞ்சள் வயலுக்கு முன்னால், நான் அப்படியொரு கருந்திட்டாகத்தான் குந்தியிருந்திருக்கிறேன்.

இதே பாடத்தை உலகின் பெரிய இராணுவங்களில் ஒன்றே பெருஞ்செலவில் படித்தது. பாலைவனம், நகரம், காடு என்று எல்லா இடத்துக்கும் ஒரே துணி போதும் என்று எண்ணி, அமெரிக்கத் தரைப்படை 2004இல் சாம்பலும் வெளிர்பச்சையும் மணலும் கலந்த சிறு சதுரக் கோலம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. மூன்று நிறங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. சற்றுத் தூரத்தில் சதுரங்கள் கரைந்து ஆள் முழுவதும் ஒரே வெளிர்சாம்பலாகத் தெரிந்தார். ஆப்கானிஸ்தானின் தோட்டங்களிலும் மலைகளிலும் அது தனித்து நின்றது. 2014இல் மாற்றுத்துணியை அறிவித்தார்கள். 2019இல் பழையது முற்றாக ஒழிந்தது. எல்லா நிலத்துக்கும் பொருந்தும் துணி எந்த நிலத்திலும் சரியாகப் பொருந்தவில்லை.

உடைத்துக் காட்டுதல்

அப்படியானால் கோலமே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது பெரிதாக இருக்கவேண்டும், விளிம்பை உடைக்கவேண்டும். நமது கண்ணும் மிருகத்தின் கண்ணும் முதலில் தேடுவது பொருளின் விளிம்பைத்தான். தலை, தோள், கை என்ற தொடர்ச்சியான கோட்டைப் பிடித்துவிட்டால் மூளை ‘மனிதன்’ என்று முடிவு கட்டிவிடும். அந்தக் கோட்டின் மேல் ஒரு கருந்திட்டும் ஒரு வெண்திட்டும் விழுந்து விளிம்பை வெட்டினால், தோளின் பாதி நிழலோடும் மற்றப் பாதி புல்லோடும் சேர்ந்துவிடும், ஆள் கலைந்துபோவார்.

இதற்கு அழகான நிரூபணம் ஒன்று 2005இல் வந்தது. இன்னஸ் கதில் என்ற உயிரியலாளரும் கூட்டாளிகளும் கடதாசியில் முக்கோண அந்துப்பூச்சிகள் செய்து, மரப்பட்டையின் நிறங்களை அச்சடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு புழுவைக் குத்தி இங்கிலாந்தின் ஓக் மரங்களில் ஒட்டினார்கள். எல்லாவற்றிலும் நிறம் ஒன்றுதான். சிலவற்றில் மட்டும் கருந்திட்டுகள் சிறகின் விளிம்பைத் தொட்டு வெட்டின. அந்த விளிம்பு உடைந்த பூச்சிகளையே பறவைகள் குறைவாகப் பிடித்தன. நிறப் பொருத்தத்துக்கு மேல் விளிம்பை உடைப்பதற்கென்று தனிப் பயன் இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது.

சிறுத்தையின் புள்ளிக்கும் இதில் இடமுண்டு. 35 வகைப் பூனை இனங்களின் விலாக் கோலங்களை ஒப்பிட்ட பிரிஸ்டல் ஆய்வொன்று 2010இல் வெளியானது. திறந்த வெளியில் வாழ்பவை பெரும்பாலும் வெறும் தோல். மரமடர்ந்த இடத்தில், வெளிச்சம் துளித்துளியாக விழும் இடத்தில் வாழ்பவற்றுக்கு ஒழுங்கற்ற சிக்கலான புள்ளிகள். குமணைக் காட்டில் உச்சி வெயில் நேரத்தில் வீரை மரத்தடியில் சும்மா இருந்து நிலத்தைப் பாருங்கள். சிறுத்தையின் தோல் அங்கே விரித்துக் கிடக்கும்.

மீன் சந்தையில் ஒரு பாடம்

கல்முனைச் சந்தையில் காலையில் சூரையும் பாரையும் அறக்குளாவும் சாளையும் வரிசையாகக் கிடக்கும்போது கவனியுங்கள். முதுகு கருநீலம், விலா வெள்ளி, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதுகு ஆழ்கடலின் இருட்டோடு சேரும். கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு சேரும். வேறொரு நன்மையும் உண்டு. வெயில் மேலிருந்து விழுவதால் எந்த உடம்புக்கும் மேற்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் நிழல். உருண்டையை உருண்டையாகக் காட்டுவதே அந்த நிழல்தான். முதுகு கறுத்து வயிறு வெளுத்திருந்தால் அந்த நிழல் சமனாகி உடம்பு தட்டையாகத் தெரியும். அமெரிக்க ஓவியர் அபொட் தேயர் 1896இல் இதை எழுதினார். புள்ளிமானின் வெள்ளை வயிறும் இதே கணக்குத்தான்.

கடற்காக்கை வேட்டையாடி. அதற்கும் வெள்ளை வயிறு. நிலத்தில் நின்று பார்க்கும் நமக்கு அது கண்ணைப் பறிக்கும் நிறம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளிரும் வானத்தில் கரும்பறவை முந்தித் தெரியும், வெள்ளைப் பறவை பிந்தித் தெரியும். சுவீடன் ஆய்வாளர் பிராங்க் கொட்மார்க் 1987இல் இதைப் பரிசோதித்து, கடற்காக்கையின் வெள்ளை ஒரு வேட்டை உருமறைப்பு என்று எழுதினார்.

மனிதன் செய்த மிகச் சிறந்த வேட்டை உருமறைப்பும் இந்தக் கரையில்தான் காய்கிறது: தங்கூசி. கரையில் வெயிலில் மின்னும் அந்த நைலோன் நூல் தண்ணீருக்குள் ஏன் மறைகிறது? நைலோனின் ஒளிமுறிவுச் சுட்டி சுமார் 1.53, காற்றினது 1, தண்ணீரினது 1.33. இரண்டு பொருள்களுக்கிடையே இந்த வேறுபாடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு எல்லையில் ஒளி தெறிப்பதும் குறையும். நிறம் பூசி மறைப்பவர்கள் ஒரு பக்கம். தங்கூசி தண்ணீரையே நிறமாக்கிக்கொள்கிறது. மீனுக்கு அது தெரிவதே இல்லை என்பதால்தான் எல்லாவற்றையும் வாரிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு அதன்மேல் விழுந்தது. இலங்கையில் தங்கூசி வலைக்குத் தடையும் வந்தது.

நாலு நிலம், நாலு உடுப்பு

இனி நமது கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலிலிருந்து மேற்கே நடந்தால் நாலு விதமான பின்னணி வருகிறது. படமெடுக்கப் போகிறவருக்கும் பறவை பார்க்கப் போகிறவருக்கும் இந்தக் கணக்குப் பயன்படும்.

முதலாவது மணல். இங்கே ஆசான் அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தச் சின்னப் பறவையைத் தனி இனமென்று 2023இல்தான் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். வெறும் மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்தில் கரும்பொட்டுப் போட்ட முட்டைகள். ஒருமுறை ஒலுவில் பக்கம் கரையோரம் நடந்தபோது தாய்ப்பறவை இறக்கை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடியது. குனிந்து பார்த்தேன், முட்டை தெரியவில்லை. சிப்பித்துண்டு என்று நான் நினைத்தது முட்டை. என் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரம். மணலில் மனிதருக்கும் அதே விதி: வெளிர்நிறம், கோலமில்லாத துணி. நிற்பவரின் நிழல் நீளும், படுத்திருப்பவருக்கு நிழல் இல்லை. ஆகவே படுத்துவிடுவது எந்தத் துணியையும் விட மேல்.

இரண்டாவது வயல். வட்டைக்கு நிலையான நிறம் கிடையாது. பெரும்போகத்தில் ஐப்பசி, கார்த்திகையில் சேறு, மார்கழியில் கடும்பச்சை, மாசியில் பொன், வெட்டிய பிறகு வெளுத்த தாள். போன மாதத்து உடுப்பு இந்த மாதம் காட்டிக்கொடுத்துவிடும். பச்சையையும் மஞ்சளையும் பிரித்தறியாத மானுக்கும் பன்றிக்கும் முன்னால் நிறம் எப்படிப் போனாலும், கருமையும் வெளுமையும் பொருந்தியே ஆகவேண்டும். இதற்கு எளிய வழி: உடுப்பை அந்த இடத்தில் போட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒளியும் இருளும்தான். அதிலும் உடுப்பு தனித்துத் தெரிந்தால் வேறு உடுப்பு எடுங்கள்.

மூன்றாவது களப்பு. பொத்துவில் களப்பில் கண்டல் வேர்கள் செங்குத்தாகவும் வளைந்தும் இறங்கியிருக்கும். கீழே கருஞ்சேறு, மேலே பளபளக்கும் இலை. இங்கே நீளவாட்டில் ஓடும் கருங்கோடுகள் கிடையான கோலத்தை விடப் பொருந்தும். ஆனால் இங்குள்ள கண்கள் கொக்கினதும் நாரையினதும். நான்கு வகைக் கூம்புள்ளவை. நிறமும் பொருந்தவேண்டும், முகமும் கையும் மூடியிருக்கவேண்டும்.

நாலாவது வரண்ட காடு. பாலையும் வீரையும் கோடையிலும் இலை வைத்திருக்கும் மரங்கள். ஆகவே மேலே மங்கல் பச்சை, கீழே காய்ந்த சருகின் கபிலம். இடுப்புக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக உடுப்பது தையல்காரர் சிரிக்கும் யோசனைதான். ஆனால் காடே அப்படித்தான் உடுத்தியிருக்கிறது.

மனிதர் நிலத்துக்கு ஏற்ப உடுப்பு மாற்றுகிறோம். உடுப்பு மாற்ற முடியாத உயிர்கள் எதிர்வழியில் போகின்றன. சாம்பியாவில் பக்கிகளையும் உப்புக்கொத்திகளையும் அவற்றோடு வேறு நிலக்கூட்டுப் பறவைகளையும் ஆராய்ந்த மார்ட்டின் ஸ்டீவன்ஸ் குழுவினர் 2017இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். ஒரே இனத்துக்குள்ளேயே தனித்தனிப் பறவை தன் இறகுக்கோ முட்டைக்கோ பொருந்தும் இடத்தைத் தேர்ந்து அமர்கிறது. சேர்ட்டுக்கேற்ற இடத்தில் போய்க் குந்தும் புத்தி அவற்றுக்கு இருந்திருக்கிறது, எனக்கு இருக்கவில்லை.

எருமையும் பணிக்கரும்

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர் நிறத்தை நம்பியவர்கள் அல்லர். பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், வேட்டைக்கென்று பழக்கிய எருமைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சதுப்பில் எருமை மெல்ல மேய்ந்துகொண்டு போகும். அதன் மறைவில் ஆள் ஒட்டிக்கொண்டு நீர்ப்பறவைகளை நெருங்குவார். இரவில் எருமையின் கழுத்தில் மணி, முதுகில் ஒரு பக்கம் திறந்த பெட்டிக்குள் விளக்கு. வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும் மானுக்கு, இருட்டுப் பக்கத்தில் நடக்கும் மனிதன் தெரியமாட்டான். பொத்துவில் பட்டிக்காரரை மான்கள் ஏன் பொருட்படுத்தவில்லை என்பது இப்போது விளங்கும். எருமைகளுக்கு நடுவில் நிற்பவர் அவற்றின் கண்ணுக்கு எருமைப்பட்டியின் ஒரு பகுதி.

யானை பிடித்த பணிக்கர்களின் கதை இன்னும் துணிச்சலானது. ஏறாவூர் போன்ற கிழக்கு ஊர்களின் முஸ்லிம் பணிக்கர்கள் துவக்கில்லாமல், மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ முறுக்கிய கயிறு மட்டும் எடுத்துக்கொண்டு காட்டு யானையின் பின்னால் ஊர்ந்து போய்ப் பின்னங்காலில் சுருக்குப் போட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். அவர்களின் உடுப்பு இடுப்பில் ஒரு துண்டு. மறைவு முழுவதும் இரண்டு விடயங்களில்: எந்தப் பக்கத்திலிருந்து போவது, காற்று எங்கிருந்து வீசுகிறது.

யானையின் கண் மானினதைப் போல இரண்டு நிறக் கண், பார்வையும் கூர்மையல்ல. அதன் பலம் தும்பிக்கை. மணம் அறியும் ஏற்பிகளுக்கான இயங்கும் மரபணுக்கள் மனிதரிடம் சுமார் 400. ஆபிரிக்க யானையிடம் சுமார் 2,000 என்று 2014இல் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட மூக்குக்கு முன்னால் எந்தத் துணியும் மறைப்பல்ல. கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். மிருகத்துக்குக் கிழக்கே நிற்பவரின் மணம் அதற்கு எட்டாது. பின்னேரம் கடற்காற்று எழுந்தால் கணக்கு மாறிவிடும். அன்று நான் குந்தியிருந்தது மான்களுக்கு மேற்கே. அடித்தது கச்சான். உடம்பில் அத்தர் வேறு.

எதற்காக மறைவது

வேட்டை இன்று இந்தக் கரையில் பெரும்பாலும் பழங்கதை, பழங்கதையாகவே இருக்கவும் வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமான், மரை, சிறுத்தை எல்லாம் பாதுகாப்பில் உள்ளவை. லகுகலை கித்துலான 1980இலிருந்து தேசிய பூங்கா. குமணை 1938இலேயே பறவைச் சரணாலயம். யால கிழக்கு என்று 1970இல் தேசிய பூங்காவாகி, போரால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்து, 2006இல் குமணை என்ற பெயரைப் பெற்றது. இஸ்லாமிய மார்க்கமும் வேட்டைக்கு எல்லை வகுத்திருக்கிறது: ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டை விலக்கு. எங்கள் காட்டிலும் வயலிலும் எளிதில் ஒளிய முடியாத வெண்துணி இரண்டை உடுத்திக்கொண்டவர் எந்த உயிரையும் வேட்டையாடாமல் நடக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிப்பாயின் உடுப்பை ஒத்த புள்ளித்துணிக்கு எங்கள் கரையில் வேறொரு பொருள் உண்டு. முப்பது வருடப் போரில் அந்தத் துணியைக் கண்டு ஒளிந்தவர்கள் இங்கே மனிதர்கள். காட்டுக்குள் போகிறவர் வழியில் ஊர்களையும் சோதனைச்சாவடியையும் கடந்துதான் போகிறார். இராணுவக் கோலத்தைத் தவிர்த்து, மங்கிய மண்ணிறமோ சாம்பல்பச்சையோ தேர்ந்தெடுங்கள். ‘காக்கி’ என்ற சொல்லே புழுதி நிறம் என்ற பொருளில் உருதுவிலிருந்து வந்ததுதான். ஒளிர்ப்பான் கலந்த தூளில் தோய்க்காதீர்கள். காற்றைப் பாருங்கள். மிருகம் வருவதற்கு முன் போய் அமர்ந்துவிடுங்கள். பிறகு அசையாதீர்கள்.

கட்டார்ச் சேர்ட்டை அந்தப் பட்டிக்காரருக்கே கொடுத்துவிட்டேன். அவர் போடவில்லை, தன் வயலில் நின்ற வெருளிக்குப் போட்டுவிட்டார். அடுத்த தடவை போனபோது விசாரித்தேன்.

“மொதல் கெழமை ஒரு கிளியும் கிட்ட வரல்ல தம்பி. ரெண்டாங் கெழம பாத்தா, அதுட தோள்லயே குந்திக்கிட்டு நெல்லுத் திங்கிது.”

சேர்ட் அதேதான். வெருளி அசையவில்லை, அவ்வளவுதான்.